மூன்றாம் தடவையில் பாஸான சுப்பாராவும் ஒரு மஞ்சள் குளிசையும்

உயர்தரப் பெறுபேறுகள் வெளியாகும் கிழமையில் நமதூர்களில் இரண்டு விதமான வீடுகளைக் காணலாம். ஒரு வீட்டு வாசலில் பிள்ளையின் படத்தோடு பெனர் தொங்கும். இன்னொரு வீட்டில் கதவு சாத்தியிருக்கும். மருத்துவ பீடத்துக்கு இசட் புள்ளி போதாமற் போன பிள்ளை அறைக்குள் இருக்க, வாப்பா கடைக்குக்கூடப் போகாமல் முற்றத்தில் உட்கார்ந்திருப்பார். அப்படிப்பட்ட வீடுகளுக்குப் போகின்றபோது நான் ஒருவருடைய வாழ்க்கையைச் சொல்வதுண்டு. பெரும்பாலானவர்கள் அவருடைய பெயரைக் கேள்விப்பட்டிருக்க மாட்டார்கள். ஆனால் அவர் பெயர் தெரியாமலே அவருடைய மருந்துகளை விழுங்கியிருப்பார்கள். டொக்டர் யெல்லப்பிரகட சுப்பாராவ் என்பது அவர் பெயர்.

1895 ஜனவரி 12ஆம் திகதி, அன்றைய சென்னை மாகாணத்தின் கோதாவரிப் பகுதியில் உள்ள பீமாவரம் என்ற ஊரில் தெலுங்குக் குடும்பமொன்றில் பிறந்தார். வீட்டில் ஏழு பிள்ளைகள். தகப்பனார் சுகவீனம் காரணமாக உத்தியோகத்திலிருந்து நேரகாலத்தோடு ஓய்வு பெற்றவர் என்பதால் வறுமை நிரந்தர விருந்தாளியாக இருந்தது. பதின்மூன்று வயதில் சுப்பாராவ் வீட்டைவிட்டு ஓடினார். காசியில் யாத்திரிகர்களுக்கு வாழைப்பழம் விற்றுப் பணக்காரனாகலாம் என்பது திட்டம். வழியில் பிடித்துக் கொண்டுவந்து மீண்டும் பள்ளிக்கூடத்தில் சேர்த்தார்கள். படிப்புச் செலவுக்குத் தாயின் நகை விற்கப்பட்டது. அப்படியிருந்தும் மெட்ரிகுலேஷன் பரீட்சையில் இரண்டு முறை தவறினார். சென்னைத் திருவல்லிக்கேணி இந்து உயர்நிலைப் பள்ளிக்கு அனுப்பப்பட்டு, மூன்றாம் தடவையில்தான் சித்தியடைந்தார்.

மாநிலக் கல்லூரியில் படிக்கும்போது இராமகிருஷ்ண மடத்தில் சேர்ந்து துறவியாகிவிட நினைத்தார். தாய் சம்மதிக்கவில்லை. துறவுக்கும் வீட்டுக்கும் இடையில் அகப்பட்ட ஒரு சமரசமாகத்தான் அவர் சென்னை மருத்துவக் கல்லூரிக்குள் நுழைந்தார் என்று நினைக்கிறேன். அங்கேயும் நேரான பாதை கிடைக்கவில்லை. காந்தியின் அந்நியத் துணிப் புறக்கணிப்பை ஏற்று, சத்திரசிகிச்சைக் கூடத்தில் கதர் அங்கி அணிந்து நின்றார். அது ஆங்கிலேயரான சத்திரசிகிச்சைப் பேராசிரியருக்குப் பிடிக்கவில்லை. மற்றப் பாடங்களை நன்றாகச் செய்திருந்தும், முடிவில் எம்.பி.பி.எஸ். பட்டம் கிடைக்கவில்லை. அதைவிடக் கீழ்ப்படியில் வைக்கப்பட்டிருந்த எல்.எம்.எஸ். சான்றிதழே கையில் கிடைத்தது. அரசாங்க மருத்துவ சேவைக்கு விண்ணப்பித்தார்; எடுக்கவில்லை. ஓர் ஆயுர்வேதக் கல்லூரியில் உடற்கூற்றியல் படிப்பிக்கும் வேலைக்குப் போனார்.

இந்த இடத்தை வாசிக்கும்போது எனக்கு ஒரு சின்னச் சிரிப்பு வரும். நான் ஆசிரியர் கலாசாலையில் பயிற்சி பெற்றவன், பட்டதாரி அல்லன். முன்பு நான் படிப்பித்த ஒரு பாடசாலையில் நேரசூசி போடும்போது, மேல் வகுப்புகள் பட்டதாரிகளுக்கு என்று முதலிலேயே பிரித்துவிடுவார்கள். பிள்ளைகளுக்கு எந்த வாத்தியார் சொன்னால் விளங்குகிறது என்று யாரும் கேட்டதில்லை. ஆகவே எல்.எம்.எஸ். என்ற மூன்றெழுத்தின் பாரம் எனக்கு ஓரளவு தெரியும்.

ஆனால் அவரை ஆராய்ச்சியின் பக்கம் தள்ளியது சான்றிதழ் ஏமாற்றம் அல்ல, வீட்டில் விழுந்த மரணங்கள். வெப்ப நாடுகளில் அக்காலத்தில் பரவலாக இருந்த ஸ்ப்ரூ என்ற நோயில் அவருடைய சகோதரர்கள் இறந்தார்கள். குடல் உணவை உறிஞ்ச மறுத்துவிடும்; ஓயாத வயிற்றோட்டம்; நாக்கு புண்ணாகும்; உடம்பில் இரத்தம் வற்றி வெளிறிப்போகும். சுப்பாராவையும் அது பிடித்தது. ஆயுர்வேத சிகிச்சையில் அவர் பிழைத்தார். ஆங்கில வைத்தியம் படித்துக்கொண்டிருந்தவருக்குத் தன் வீட்டு நோய்க்கு அந்தப் புத்தகங்களில் பதில் இல்லை என்பது உறுத்திக்கொண்டே இருந்திருக்கும்.

1920களின் தொடக்கத்தில், மாமனாரின் உதவியும் ஒரு தர்ம நிதியத்தின் உதவியும் சேர்ந்து அவரை அமெரிக்காவின் பொஸ்டன் நகரத்துக்குக் கொண்டுபோய்ச் சேர்த்தன. 1919இல் திருமணம் முடித்திருந்த மனைவி ஊரில் இருந்தார். ஹாவார்ட் பல்கலைக்கழகத்தில் வெப்பமண்டல மருத்துவம் படிக்கத் தொடங்கியபோது செலவுக்குக் காசில்லை. சென்னையில் கிடைத்த சான்றிதழை வைத்து அங்கு வைத்தியம் பார்க்கவும் முடியாது. இரவில் வைத்தியசாலையொன்றில் போர்ட்டராக நின்று, நோயாளிகளின் மலசலச் சட்டிகளைக் கழுவினார். பகலில் ஆய்வுகூடத்தில் இருந்தார்.

அந்த ஆய்வுகூடம் சைரஸ் ஃபிஸ்க் என்ற உயிர் இரசாயனவியலாளருடையது. இரத்தத்திலும் சிறுநீரிலும் எவ்வளவு பொசுபரசு இருக்கிறது என்று அளப்பது அந்த நாளில் மெத்தக் கடினமான வேலை. ஃபிஸ்க்கும் சுப்பாராவும் 1925இல் ஒரு முறையை வெளியிட்டார்கள். மாதிரியோடு சில இரசாயனங்களைச் சேர்த்தால் நீல நிறம் தோன்றும். பொசுபரசு கூடக்கூட நீலம் கடுமையாகும். அந்த நிறத்தை அளந்து அளவைச் சொல்லிவிடலாம். பார்த்தால் சின்ன விசயம். ஆனால் உயிர் இரசாயனவியலில் மிக அதிகமாக எடுத்தாளப்பட்ட ஆய்வுக் கட்டுரைகளில் அது ஒன்றாகியது.

அளவுகோல் கையில் வந்ததும் அதைக்கொண்டு தசையைப் பார்த்தார்கள். தசை வேலை செய்யும்போது ஒரு பொருள் உடைவதும், ஓய்வின்போது மீண்டும் சேர்வதும் தெரிந்தது. 1927இல் வெளிவந்த பொஸ்போகிரியேட்டின் அது. தசைக்கு உடனடிச் சக்தி எங்கிருந்து வருகிறது என்பதில் அதுவரை நம்பப்பட்டு, 1922ஆம் ஆண்டு நோபல் பரிசுக்கும் பின்னணியாக இருந்த விளக்கம் ஆட்டம் கண்டது. 1929இல் ஏ.டீ.பீ. என்ற சக்தி மூலக்கூற்றை ஜேர்மனியில் கார்ல் லோமான் கண்டறிந்தார். அதே ஆண்டில் தனியாக ஃபிஸ்க்கும் சுப்பாராவும் கண்டறிந்தார்கள். இன்று நம் பிள்ளைகள் உயர்தர உயிரியலில் ஏ.டீ.பீ. என்று மனனம் செய்வது இதைத்தான்.

1930இல் கலாநிதிப் பட்டம் பெற்றார். பின்னரும் பத்து வருடம் அங்கே இருந்தார். நிரந்தரப் பதவி மாத்திரம் கிடைக்கவில்லை. அதே துறையில் மாணவராக இருந்து பின்னாளில் நோபல் பரிசு பெற்ற ஜோர்ஜ் ஹிச்சிங்ஸ், சுப்பாராவ் பிரித்தெடுத்த சில பொருட்களை வேறு ஆய்வாளர்கள் பல வருடங்களின் பின் மறுபடியும் கண்டுபிடிக்க நேர்ந்தது என்றும், ஃபிஸ்க்கின் பொறாமையே அதற்குக் காரணமாக இருக்கலாம் என்றும் பின்னொரு காலத்தில் கூறியிருக்கிறார். ஹிச்சிங்ஸின் பெயரை வாசகர்கள் ஞாபகத்தில் வைத்துக்கொள்ளுங்கள், திரும்ப வருவேன்.

1940இல் சுப்பாராவ் பல்கலைக்கழகத்தை விட்டார். நியூயோர்க் மாநிலத்தின் பேர்ல் ரிவர் என்ற இடத்தில் இருந்த லெடர்லி மருந்துக் கம்பனியின் ஆய்வுகூடத்துக்குப் போய், விரைவிலேயே அதன் ஆராய்ச்சிப் பணிப்பாளரானார். அவருக்கு எஞ்சியிருந்த வாழ்நாள் எட்டு வருடம். அந்த எட்டு வருடத்தில் நடந்ததைத்தான் இந்தக் கட்டுரையில் முக்கியமாகச் சொல்ல வேண்டும்.

முதலில் மார்மைட் கதை. நம் வீடுகளில் பாணுக்குப் பூசவும் சுடுதண்ணீரில் கரைத்துக் குடிக்கவும் வைத்திருக்கிறோமே, அதே மார்மைட். 1920களின் இறுதியில் லூசி வில்ஸ் என்ற ஆங்கிலேயப் பெண் வைத்தியர் பம்பாய்க்கு வந்து, அங்கே துணி ஆலைகளில் வேலை செய்த ஏழைக் கர்ப்பிணிகளுக்கு வரும் கடுமையான குருதிச்சோகையை ஆராய்ந்தார். மார்மைட் கொடுத்தபோது அவர்கள் தேறினார்கள். அதற்குள் இருந்தது என்னவென்று அவருக்குத் தெரியவில்லை. 1941இல் அமெரிக்காவில் வேறொரு குழுவினர் நான்கு தொன் கீரையிலிருந்து ஒரு பொருளின் மிகச் சிறிய அளவைப் பிரித்து, இலையைக் குறிக்கும் இலத்தீன் சொல்லிலிருந்து போலிக் அமிலம் என்று பெயரிட்டார்கள். கீரையை நம்பி மருந்து செய்ய முடியாது. சுப்பாராவின் ஆட்கள் ஈரலிலிருந்தும் நுண்ணங்கி வளர்ப்பிலிருந்தும் அதைத் தூய்மையாகப் பிரித்தெடுத்து, கட்டமைப்பை அறிந்து, 1945இல் ஆய்வுகூடத்திலேயே செயற்கையாகத் தயாரித்துவிட்டார்கள். அந்தக் கட்டுரையில் பதினாறு பெயர்கள் இருக்கின்றன. பணிப்பாளரான சுப்பாராவின் பெயர் அந்தக் கூட்டத்தில் ஏழாவது. கர்ப்பிணித் தாய்மார் கிளினிக்கில் நம் பெண்களுக்குக் கொடுக்கின்ற போலிக் அசிட் குளிசை அங்கிருந்து வந்ததுதான்.

சகோதரர்களைக் கொன்ற ஸ்ப்ரூ நோய்க்கு இன்று கொடுக்கப்படும் மருந்துகள் இரண்டு. ஒன்று போலிக் அமிலம், மற்றது டெட்ராசைக்கிளின் வகை நுண்ணுயிர்க்கொல்லி. அந்த வகையின் முதல் மருந்தான ஓரியோமைசினை மண்ணில் வாழும் ஒரு நுண்ணங்கியிலிருந்து கண்டெடுத்தவர் பெஞ்சமின் டகர் என்ற தாவரவியலாளர். எழுபது வயதைத் தாண்டிப் பல்கலைக்கழகத்திலிருந்து ஓய்வு பெற்ற பின்பு லெடர்லியில் சுப்பாராவின் கீழ் வேலைக்கு வந்தவர். ஆக, வீட்டு நோயின் இரண்டு மருந்துகளும் ஒரே கூரையின் கீழிருந்து வெளிவந்தன. சகோதரர்களுக்கு அவை கால் நூற்றாண்டு பிந்திவிட்டன.

இனி இரத்தப் புற்றுநோய். அன்று லியூகேமியா வந்த பிள்ளைக்குச் செய்வதற்கு ஒன்றுமே இருக்கவில்லை. என்புமச்சையில் முதிர்ச்சியடையாத வெண்குருதிக் கலங்கள் கட்டுக்கடங்காமல் பெருகும். நல்ல கலங்களுக்கு இடமில்லாமற் போய், பிள்ளை வெளிறும், கிருமி தொற்றும், இரத்தம் கசியும். கிழமைகளில், மிஞ்சினால் மாதங்களில் எல்லாம் முடிந்துவிடும். பொஸ்டன் சிறுவர் வைத்தியசாலையில் சிட்னி ஃபார்பர் என்பவர் நோயியல் நிபுணராக இருந்தார். இறந்த பிள்ளைகளின் உடல்களைப் பரிசோதிப்பது அவருடைய தொழில். போலிக் அமிலம் குருதிச்சோகையில் நல்ல இரத்தத்தைக் கொண்டுவருகிறதே, இங்கும் உதவுமா என்று அந்த வகைப் பொருட்களை, சுப்பாராவின் ஆய்வுகூடத்திலிருந்து பெற்று, நோயாளிகளுக்குக் கொடுத்துப் பார்த்தார். நோய் குறையவில்லை. சில பிள்ளைகளின் என்புமச்சையில் அது இன்னும் வேகமாக வளர்ந்ததுபோல் தெரிந்தது.

வேறொருவராக இருந்தால் அத்தோடு கைவிட்டிருப்பார். ஃபார்பர் அதைத் தலைகீழாகப் பார்த்தார். போலிக் அமிலம் இந்தக் கலங்களுக்குத் தீனியென்றால், தீனியை மறித்தால் என்ன? ஆனால் மறிக்கின்ற பொருள் அவரிடம் இல்லை. அது பேர்ல் ரிவரில் இருந்தது. போலிக் அமிலத்தைத் தயாரிக்கப் பழகியிருந்த சுப்பாராவின் இரசாயனவியலாளர்கள், அதன் மூலக்கூறில் சிறு சிறு மாற்றங்களைச் செய்து, அசலைப்போலத் தோற்றமளிக்கும் போலிகளையும் உண்டாக்கியிருந்தார்கள். அவற்றில் ஒன்று அமினோப்டெரின். அசலில் ஒட்சிசன் உள்ள ஓரிடத்தில் இதில் அமினோக் கூட்டம் இருக்கும், வித்தியாசம் அவ்வளவுதான். வகுப்பில் இதை நான் பூட்டும் திறப்பும் வைத்து விளக்குவேன். கலம் பெருகுவதற்குப் புதிய டி.என்.ஏ. வேண்டும், அதைச் செய்யப் போலிக் அமிலம் வேண்டும், அதைப் பயன்படுத்த ஒரு நொதியம் வேண்டும். அமினோப்டெரின் அந்த நொதியத்துக்குள் கள்ளத் திறப்பைப்போல நுழைந்து, திரும்பாமல் இறுகிக்கொள்ளும். அசல் திறப்புக்கு இனி வழியில்லை. வேகமாகப் பெருகும் கலம் முதலில் பட்டினி கிடக்கும்.

1947 டிசம்பர் இறுதியில் ஃபார்பர் அதை நோயாளிப் பிள்ளைகளுக்கு ஊசியாக ஏற்றத் தொடங்கினார். அவர்களில் இரண்டு வயதுச் சிறுவன் ஒருவன். வீங்கிய மண்ணீரலோடு எழும்ப முடியாமற் கிடந்தவன், மருந்தின் பின் எழுந்து நடந்தான். 1948 ஜூனில் நியூ இங்கிலாந்து மருத்துவ சஞ்சிகையில் முடிவுகள் வெளிவந்தன. பதினாறு பிள்ளைகளில் பத்துப் பேருக்குத் தெளிவான முன்னேற்றம். பிள்ளைகளின் கடும் இரத்தப் புற்றுநோய் ஒரு மருந்துப் பொருளால் பின்வாங்கியது அதுவே முதற் தடவை. கட்டுரையை எழுதியவர்கள் ஐந்து பேர். அந்த வரிசையில் சுப்பாராவ் இல்லை.

அந்த முன்னேற்றம் நிலைக்கவில்லை என்பதையும் சொல்லியாக வேண்டும். சில மாதங்களில் நோய் திரும்பியது. அந்தச் சிறுவனும் அதே ஆண்டில் இறந்துபோனான். ஒரு மருந்தை மாத்திரம், கொஞ்சக் காலம் கொடுத்தால், ஒளிந்திருக்கும் கலங்கள் மிஞ்சிவிடுகின்றன. பல மருந்துகளைச் சேர்த்து, ஆண்டுக் கணக்கில் கொடுத்தால்தான் வேரறுக்கலாம் என்று புரிந்துகொள்ள இன்னும் இருபது வருடம் எடுத்தது. அமினோப்டெரினுக்குப் பதிலாக அதன் நெருங்கிய உறவான மெத்தோட்ரெக்ஸேட் வந்தது. அதுவும் லெடர்லியில் பிறந்ததே. இன்று பிள்ளைகளுக்கு வரும் முக்கிய வகை இரத்தப் புற்றுநோயில், வசதியுள்ள நாடுகளில் பத்துப் பேரில் ஒன்பது பேர் அளவில் குணமடைகிறார்கள்.

இந்த இடத்தில் நம் ஊர்க் கதையொன்றைச் சொல்லாமல் இருக்க முடியாது. சில வருடங்களுக்கு முன் என் வகுப்பில் ஒரு பிள்ளை மஹரகம வைத்தியசாலையில் சிகிச்சை பெற்றுத் திரும்பி வந்தது. தலைமுடி கொட்டித் தொப்பியோடு வந்த பிள்ளையின் பக்கத்தில் தங்கள் பிள்ளைகளை உட்காரவைக்க வேண்டாம் என்று இரண்டு உம்மாமார் என்னிடம் வந்தார்கள். வியாதியின் பெயரைக்கூட வாயால் சொல்லாமல், அந்த வருத்தம் என்றார்கள். இது தொற்றுகின்ற வியாதி அல்ல என்று நான் சொன்னேன். உண்மையில் பயப்பட வேண்டியது அந்தப் பிள்ளைதான், நம் பிள்ளைகளின் தடிமன் காய்ச்சல்கூட அதைப் பாதிக்கும் என்றேன். ஒருவர் விளங்கிக்கொண்டார். மற்றவர் பிள்ளையை வேறு வாங்குக்கு மாற்றிய பின்தான் போனார்.

அதைவிட என்னைக் கவலைப்படுத்தியது வேறொன்று. பிள்ளை ஓடியாடித் திரியத் தொடங்கியதும், இனியும் எதற்கு இந்த மருந்து, உடம்பைக் கெடுக்கும் என்று உறவினர்கள் சொல்ல ஆரம்பித்தார்கள். நல்லவேளையாக அந்தத் தாய் கேட்கவில்லை. குசினிச் சுவரில் கலண்டரைத் தொங்கவிட்டு, கிழமையில் குறித்த ஒரு நாளில் மாத்திரம் கொடுக்க வேண்டிய சின்ன மஞ்சள் குளிசைகளுக்கு ஒரு அடையாளமும், தினமும் கொடுக்க வேண்டிய மற்றக் குளிசைக்கு வேறொரு அடையாளமும் போட்டு வந்தார். மஞ்சள் குளிசை மெத்தோட்ரெக்ஸேட். கிழமைக்கு ஒரு தடவை என்பதை மறந்து தினமும் கொடுத்தால் அதுவே நஞ்சாகிவிடும். அந்தத் தாயின் கவனம் வீண்போகவில்லை. நன்றாயிருக்கிறது என்று இடையில் நிறுத்தினால் என்ன நடக்கும் என்பதற்கு 1948ஆம் ஆண்டின் பொஸ்டன் பிள்ளைகளே சாட்சி.

தினமும் கொடுக்கும் அந்த மற்றக் குளிசை பெரும்பாலும் மெர்கப்டோபியூரின். அதை உருவாக்கியவர்கள் கேர்ட்ரூட் எலியனும், முன்னர் நான் ஞாபகத்தில் வைக்கச் சொன்ன ஜோர்ஜ் ஹிச்சிங்ஸும். ஹாவார்டில் ஒரே துறையில் இருந்த இருவரின் வேலை, ஒரு கலண்டரின் இரண்டு அடையாளங்களாக நம் ஊர்க் குசினிச் சுவரில் வந்து சந்தித்திருக்கிறது. ஹிச்சிங்ஸும் எலியனும் 1988இல் நோபல் பரிசு பெற்றார்கள். பின்னாளில் என்புமச்சை மாற்றுச் சிகிச்சை வந்தபோது, பிறரிடமிருந்து ஏற்றிய கலங்கள் நோயாளியின் உடலையே தாக்குவதைத் தடுக்கவும் மெத்தோட்ரெக்ஸேட்டைத்தான் பயன்படுத்தினார்கள். அந்தச் சிகிச்சையை நிலைநாட்டிய டொனால் தோமஸுக்கு 1990இல் நோபல் கிடைத்தது. சுப்பாராவுக்கு அப்படி எதுவும் கிடைக்கவில்லை.

நமது நாட்டுக்கு அவர் செய்த இன்னொரு உபகாரமும் உண்டு. இரண்டாம் உலகப் போரில் பசுபிக் தீவுகளுக்குப் போன அமெரிக்கப் படையினரைப் பைலேரியா, அதாவது யானைக்கால் நோய் பிடித்தது. லெடர்லியில் அதற்கு மருந்து தேடி, டைஎதில்காபமசீனைக் கண்டுபிடித்து, 1947இல் வெளியிட்டார்கள். கொழும்பிலிருந்து மாத்தறை வரையான கரையோரத்தில் வளர்ந்தவர்களுக்கு நான் விளக்கத் தேவையில்லை. இரவில்தான் புழுக்குஞ்சுகள் இரத்தத்தில் உலாவும் என்பதால் சுகாதார ஊழியர்கள் இராச் சாப்பாட்டுக்குப் பிறகு வந்து விரலில் குத்தி இரத்தம் எடுப்பதும், நாங்கள் கட்டிலுக்கடியில் ஒளிவதும், பிறகு குளிசை வருவதும் எங்கள் சிறுவயதின் ஒரு பகுதி. 2002 முதல் 2006 வரை எட்டு மாவட்டங்களில் இந்தக் குளிசையையும் அல்பெண்டசோலையும் சேர்த்து எல்லோருக்கும் கொடுத்தார்கள். பொதுச் சுகாதாரப் பிரச்சினை என்ற நிலையிலிருந்து இந்நோயை இலங்கை ஒழித்துவிட்டதாக உலக சுகாதார ஸ்தாபனம் 2016இல் அறிவித்தது.

இத்தனையும் செய்தவர் 1948 ஆகஸ்டில் நித்திரையிலேயே மாரடைப்பால் காலமானார். வயது ஐம்பத்து மூன்று. ஃபார்பரின் கட்டுரை வெளிவந்து இரண்டு மாதம்தான் ஆகியிருந்தது. 1946 வரை இந்தியர்கள் அமெரிக்கப் பிரஜையாகச் சட்டத்தில் இடமிருக்கவில்லை. இடம் வந்த பிறகும் அவர் பிரஜையாகவில்லை. ஊருக்கும் ஒரு தடவையேனும் திரும்பிப் போகவில்லை. அவர் கப்பலேறிய நாளிலிருந்து மனைவி அவரைக் காணவே இல்லை. சுப்பாராவின் வாழ்க்கையை வியந்து எழுதுகிறவர்கள் இதை ஒரு வரியில் தாண்டிப் போகிறார்கள். எனக்கு அது அவ்வளவு இலேசாகத் தாண்டக்கூடிய வரியாகப் படவில்லை. மனித குலத்துக்கு அவர் கொடுத்ததன் ஒரு பங்கை அந்தப் பெண் அல்லவா செலுத்தியிருக்கிறார்.

1995இல், அவர் பிறந்து நூறாண்டு ஆனபோது, இந்திய அரசு ஒரு தபால் முத்திரை வெளியிட்டது. அதற்கு நெடுநாள் முன்பே, 1953இல், லெடர்லியில் வேலை செய்த ஒரு விஞ்ஞானி, கழிவுநீர் சுத்திகரிக்கும் வடிகட்டிகளில் வளரும் பங்கசுக்களை ஆராய்ந்தபோது கிடைத்த புதிய சாதியொன்றுக்கு அவருடைய பெயரை வைத்திருந்தார். சுப்பாராமைசிஸ் ஸ்ப்ளெண்டன்ஸ் என்று அதற்குப் பெயர்.